வளவுக்குள்ளேயே பிறேக் மாற்றலாமா?

வாகனக் கேள்வி பதில்

மாரி மழை விட்ட கையோடு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் பிறேக் சத்தம் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. அதனால் பட்டரி, ஏசி, ரயர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு பிறேக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 2015 சுசூகி வாகன் ஆர் இருக்கிறது. பிறேக் பிடிக்கும்போது முன் இடது பக்கம் கீச்சென்று கத்துகிறது. கராஜில் காட்டினேன், இரண்டு பக்கமும் டிஸ்க்கும் பாட்டும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். யூடியூப்பில் பார்த்தால் ஒரு மணித்தியால வேலை போலத் தெரிகிறது. நானே செய்யலாமா? டிஸ்க்கும் மாற்றத்தான் வேண்டுமா?
(கொக்குவில் வாசகர்)

பதில்: செய்யலாம் தம்பி. சில்லுக் கழற்றத் தெரிந்த, அவசரப்படாத யாருக்கும் கைவரக்கூடிய வேலைதான். ஆனால் யூடியூப்பில் காட்டுகிற ஒரு மணித்தியாலம் கறள் இல்லாத காருக்கு. எங்கள் ஊர்க் காருக்கு, அதுவும் முதல் தடவை என்றால், ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். காலமையே தொடங்குங்கள், ஏனென்றால் ஒரு போல்ட் உடைந்தாலோ ஒரு ரபர் கிழிந்திருந்தாலோ கடைக்கு ஓட வேண்டி வரும், அப்போது உங்கள் கார் ஒரு சில்லில்லாமல் நிற்கும், கடையும் பூட்டியிருக்கக் கூடாது, போய்வர ஒரு மோட்டார் சைக்கிளாவது வேண்டும்.

டிஸ்க் என்பது சில்லோடு சேர்ந்து சுழலுகிற இரும்புத் தட்டு, பாட் என்பது அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற உராய்வுக் கட்டை. முதலில் மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். கீச்சிடுகிற சத்தம் பல கார்களில் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. பாட்டில் ஒரு சின்னத் தகடு பொருத்தியிருக்கும், பாட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். சில்லைக் கழற்றிவிட்டு ரோச் அடித்துப் பாருங்கள். புதுப் பாட்டில் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இருக்கும், 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றுகிற நேரம். பின்னால் இருக்கிற இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு 'இன்னும் தடிப்பாக இருக்கிறது' என்று ஏமாற வேண்டாம்.

டிஸ்க்குக்கு வருவோம். அதன் ஓரத்திலோ நடுவில் தொப்பி போல் புடைத்த பகுதியிலோ குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் பொறித்திருப்பார்கள். கறளைச் சுரண்டினால் தெரியும். இப்போது டிஸ்க்கின் தடிப்பை அளக்க வேண்டும். வேர்ணியர் அளவுகோலை நேராக வைத்தால் பிழையான அளவு வரும், ஏனென்றால் பாட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரம்பாக நிற்கும், வேர்ணியரின் தாடை அதில் போய் முட்டும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றியை டிஸ்க்கின் இரு பக்கமும் வரம்புக்கு உள்ளே பிடித்து, குற்றியோடு சேர்த்து அளந்து, பிறகு இரண்டு குற்றியின் தடிப்பையும் கழித்துவிடுங்கள். வருகிற எண் பொறித்திருக்கிற எண்ணை நெருங்கிவிட்டால் டிஸ்க் போக வேண்டியதுதான். விரல் நகம் தடக்குகிற அளவுக்குப் பள்ளக் கோடுகள், வெடிப்பு, கறள் தின்ற குழிகள் இருந்தாலும் அப்படித்தான். இவை எதுவும் இல்லை, தடிப்பும் தாராளமாக இருக்கிறது என்றால் பாட் மட்டும் போதும். கராஜ்காரர் இரண்டையும் சொன்னது பிழை என்றில்லை, ஆனால் அளந்துதான் சொன்னாரா என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.

இரண்டு பக்கமும் என்பதில் மட்டும் விவாதமே இல்லை. இடதில் புதியது வலதில் பழையது என்று விட்டால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இனி, நான் இந்தப் பத்தியில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிற விசயம். யாழ் குடாநாட்டில் எங்கே வீடு கட்டினாலும் கடலோ களப்போ பக்கத்தில்தான். உப்புக் காற்றில் பாட் தேய்ந்து முடிய முதலே கலிப்பரின், அதாவது பாட்டுகளை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்வியின், சிலைட் பின் இறுகிப்போகிறது. உங்கள் கார் மாதிரிச் சின்னக் கார்களில் கலிப்பருக்கு ஒரு பிஸ்டன்தான், அது உள்பக்கம் இருக்கிறது. அது உள் பாட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் சறுக்கி வந்து வெளிப் பாட்டை இழுத்து அழுத்தும். பின் இறுகினால் கலிப்பர் சறுக்காது, உள் பாட் மட்டும் வேலை செய்து தேய்ந்து தீரும். ஆகவே கழற்றியதும் உள் பாட்டையும் வெளிப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளது 2 மில்லிமீற்றர், வெளியது 7 என்று இருந்தால் உங்கள் பிரச்சினை பாட் இல்லை, பின். அதைக் கவனிக்காமல் எவ்வளவு விலையான பாட் போட்டாலும் சீக்கிரமே மறுபடி கத்தும்.

சாமான் வாங்கும்போது 'வாகன் ஆர் 2015' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் ஓடுகிற காரில் மொடலுக்கு மொடல் டிஸ்க் வேறுபடும். சேசிஸ் நம்பரைக் கொடுங்கள், முடிந்தால் பழைய பாட்டைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி இரவு பஸ்சில் போட்டுவிடச் சொல்லலாம், எல்லாரும் செய்வதுதான். ஆனால் கார் கழற்றிக் கிடக்கும்போது இல்லை, அதற்கு முதலே. ரீகண்டிசன் டிஸ்க் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. யாரோ தேய்த்த மிச்சத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது?

கேள்வி: ஐயா, பாட்டும் டிஸ்க்கும் வாங்கி வைத்துவிட்டேன். படிப்படியாக எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள். எங்கள் வளவு முழுக்க மணல்.
(குடத்தனை வாசகர்)

பதில்: மணல் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடியது ஜக் சரிவது. மணலில் ஜக் வைத்தால் தூக்கத் தூக்க ஒரு பக்கம் புதையும். சீமெந்து போட்ட விறாந்தை முகப்போ உறவினர் வீட்டுச் சீமெந்துத் தரையோ இருந்தால் அங்கே கொண்டுபோய்ச் செய்யுங்கள். காரோடு வந்த ஜக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜக் ஸ்ராண்ட் வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். வீடு கட்டி மிஞ்சின புளொக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை இருத்துகிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். புளொக் கல் வெடிக்கும்போது முன்னறிவித்தல் தராது, ஒரேயடியாக நொறுங்கும். கழற்றிய சில்லையும் காரின் ஓரத்துக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள், அது கடைசிக் காவல்.

சரி, வேலைக்கு வருவோம். ஹாண்ட் பிறேக்கை இழுத்து, பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சில்லு நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஸ்ராண்டில் இருத்தி, சில்லைக் கழற்றுங்கள். ஸ்ரியரிங்கைக் கலிப்பர் வெளியே வருகிற பக்கமாக வெட்டிவிட்டால் கலிப்பரின் பின்பக்கம் கைக்கு நன்றாக எட்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று குழம்பினால் மற்றப் பக்கத்தைப் பார்க்கலாம்.

கலிப்பரின் பின்னால் இரண்டு சின்ன போல்ட், அதைக் கழற்றினால் கலிப்பர் கையோடு வரும். அதைப் பிறேக் ஒயில் வருகிற ஹோசில் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பித் துண்டால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ஹோசின் உள்ளே ஏற்படுகிற காயம் வெளியே தெரியாது. பழைய பாட்டுகளை எடுத்துவிட்டு, கலிப்பரைத் தாங்குகிற பிறக்கட்டைப் பிடிக்கிற இரண்டு பெரிய போல்ட்டைக் கழற்றுங்கள். இவை இறுக்கமாக இருக்கும், நீளமான ஸ்பனர் வேண்டும். இழுக்கிற திசையில் கார் ஸ்ராண்டை விட்டு அசையாத மாதிரி நின்று இழுங்கள்.

இப்போது டிஸ்க் தானாகக் கையில் விழ வேண்டும். விழாது. ஹப்போடு, அதாவது சில்லும் டிஸ்க்கும் பூட்டுகிற நடுப்பகுதியோடு, கறள் பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலை எடுக்க முதல் டிஸ்க்கின் முகத்தை நன்றாகப் பாருங்கள், பெரும்பாலான ஜப்பான் கார்களில் மரை வெட்டின இரண்டு துவாரம் இருக்கும். அவை சும்மா விட்டவை இல்லை. 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை அதில் விட்டு, இதில் கால் சுற்று அதில் கால் சுற்று என்று மாறி மாறி இறுக்கினால், போல்ட்டின் நுனி ஹப்பில் ஊன்றி டிஸ்க்கைப் பின்னிருந்து தள்ளும். ஒரு கட்டத்தில் டொக்கென்று ஒரு சத்தம், டிஸ்க் கழன்று வரும். துவாரமே கறளால் அடைத்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் அடித்து அரை மணித்தியாலம் விடுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பழைய டிஸ்க்கைத் திரும்பப் போடுகிற எண்ணம் இல்லையென்றால் மட்டும் சுத்தியல்.

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இதை அவசரத்தில் விடுகிறவர்கள்தான் பிறகு 'புது டிஸ்க் போட்டும் ஸ்ரியரிங் உதறுகிறது' என்று எழுதுகிறார்கள். புது டிஸ்க்கில் கறள் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்பியிருப்பார்கள், அதைப் பிறேக் கிளீனரால் துடையுங்கள். அது இல்லையென்றால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பெற்றோல் வேண்டாம். டிஸ்க்கை மாட்டியதும் இரண்டு சில்லு நட்டைக் கையால் பூட்டி வைத்தால் வேலை முடியும்வரை ஆடாது.

அடுத்தது நான் மேலே சொன்ன சிலைட் பின்கள். இரண்டையும் இழுத்தெடுங்கள். பழைய கிறீஸ் காய்ந்து கறுத்துப் பிசின் மாதிரி இருக்கும், சிலவேளை பின்னில் செங்கறள் படிந்திருக்கும். துடைத்து, பின் செல்கிற குழியையும் சுத்தம் செய்து, பிறேக்குக்கென்று விற்கிற சிலிக்கன் கிறீஸை மெல்லிசாகப் பூசுங்கள். பெயாரிங்குக்குப் போடுகிற சாதாரணக் கிறீஸ் அங்கே இருக்கிற ரபரை ஊதவைத்துப் பின்னை மறுபடி இறுக்கிவிடும். சில கார்களில் ஒரு பின்னின் நுனியில் ரபர் இருக்கும் மற்றதில் இராது, மேலதைக் கீழே மாற்றிப் போடாதீர்கள். பின்னை மூடுகிற ரபர் உறை கிழிந்திருந்தால் புதிது போடுங்கள், அதற்குள்ளால்தான் உப்புத் தண்ணீர் போகிறது. விரலால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு ஜி கிளாம்ப் போதும். பழைய பாட்டைப் பிஸ்டன் முகத்தில் வைத்து மெதுவாக இறுக்குங்கள். அதற்கு முதல் பொனற்றைத் திறந்து பிறேக் ஒயில் போத்தலின் மூடியைக் கழற்றி மட்டத்தைப் பாருங்கள், தள்ளும்போது ஒயில் மேலே ஏறும், நிரம்பி இருந்தால் வழிந்து பெயின்றைத் தின்றுவிடும். அப்படி வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிறகு கழற்றின ஒழுங்கைத் தலைகீழாகச் செய்யுங்கள். பாட் உட்காருகிற இடத்துக் கறளையும் தேய்த்துவிட்டு, பாட்டோடு வந்த புதுக் கிளிப்புகளைப் போடுங்கள். கிறீஸ் பட்ட கையால் பாட்டின் முகத்தையோ டிஸ்க்கையோ தொட வேண்டாம். போல்ட்டுகளுக்கு உங்கள் காரின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்ச் போடுங்கள். சில்லு நட்டுக்குச் சுசூகி சின்னக் கார்களில் 85 நியூட்டன் மீற்றர், டொயோட்டா கார்கள் பலவற்றில் 103. ஸ்பனரில் ஏறி மிதித்து இறுக்குகிற கலையை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி மிக முக்கியமான ஒன்று. காரை நகர்த்த முதல், எஞ்சின் தொடங்க முதல், பிறேக் பெடலை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும், ஏனென்றால் தள்ளி வைத்த பிஸ்டன் இன்னும் பாட்டைத் தொடவில்லை. சில மிதியில் பெடல் கல்லாக நிற்கும். இதை மறந்து றிவேர்சில் போட்டவர் மதிலில் போய்த்தான் நிற்பார். பிறகு ஒயில் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த விடியப்புறத்தில் நேர் வீதி ஒன்றில், மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 20 வரை நிதானமாக, சறுக்காமல், பத்துத் தடவை போலக் குறைத்து எடுங்கள். இடையிடையே கொஞ்சம் ஓடி ஆறவிடுங்கள். முழுதாக நிறுத்தி, சூடான பாட்டை டிஸ்க்கில் அழுத்தியபடி நிற்க வேண்டாம். அதுவரைக்கும், அதற்குப் பிறகு ஒரு சில நாளுக்கும், முன்னால் போகிற வாகனத்துக்கு வழமையைவிட இடைவெளி விடுங்கள். அடுத்த நாள் சில்லு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் கிழமைக்கு ஒரு தடவை சாவகச்சேரியிலிருந்து வவுனியா போய்வருகிறேன். முறிகண்டியில் நிறுத்துவதற்கு ஏ9 வீதியில் வேகத்தைக் குறைக்கும்போது ஸ்ரியரிங் கை உதறுகிறது. ஊருக்குள் மெதுவாக ஓடினால் ஒன்றும் இல்லை. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கடைந்தால் சரிவரும் என்கிறார்கள். உண்மையா?
(சாவகச்சேரி, ஆசிரியை ஒருவர்)

பதில்: ஓரளவு உண்மை தங்கச்சி. டிஸ்க் உண்மையாகவே வளைவது மிகக் குறைவு. பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிப்பு ஒரு சுற்றுக்குள் இடத்துக்கு இடம் மாறிப்போவது. ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று இரண்டு பங்கு மாறினாலே வேகத்தில் கை உணரும். ஏன் மாறுகிறது? சூடான நிலையில் நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் பாட்டின் பொருள் அந்த இடத்தில் ஒட்டும். அல்லது ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் கறள் துணிக்கை அகப்பட்டு டிஸ்க் மிகச் சிறிதாகச் சரிந்து சுழன்று, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாட்டில் உரசித் தேயும். மேலே குடத்தனைக்காரருக்கு ஹப்பைத் தேயுங்கள் என்று வற்புறுத்தினது இதற்காகத்தான்.

லேத்தில் கடையலாம், ஆனால் கடைந்த பிறகும் குறைந்தபட்சத் தடிப்புக்கு மேல் நிற்க வேண்டும். சின்னக் கார்களின் டிஸ்க்கில் அவ்வளவு சதை இருக்காது. கடைகிற கூலியையும் புது டிஸ்க்கின் விலையையும் விசாரித்துப் பாருங்கள், பல நேரம் புதிது வாங்குவது நல்லது. அதற்கெல்லாம் முதல் சில்லு பலன்ஸ் பார்த்தீர்களா? பிறேக் பிடிக்காமலே அந்த வேகத்தில் உதறினால் அது ரயர் பக்கத்துப் பிரச்சினை.

கேள்வி: அக்குவா ஹைபிரிட்டில் பிறேக் பாட் வீட்டில் மாற்றக் கூடாது, விரல் போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.
(மானிப்பாய் வாசகர்)

பதில்: பயமுறுத்தல் கொஞ்சம் கூட, ஆனால் அடிப்படை சரி. டொயோட்டா ஹைபிரிட்டில் பிறேக் அழுத்தத்தை மின்பம்பு ஒன்றும் கொடுக்கிறது. பல மொடல்களில் சாரதிக் கதவைத் திறந்தாலே அது விழித்து அழுத்தம் ஏற்றத் தொடங்கும். கலிப்பர் கழற்றியிருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும், விரல் இடையில் இருந்தால் நசியும். ஆகவே காரை நிறுத்தி, திறப்பை வீட்டுக்குள் தூரமாக வைத்து, 12 வோல்ட் பட்டரியின் மறை முனைக் கம்பியைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். சின்னப் பிள்ளைகள் கதவைத் திறந்து விளையாடாத மாதிரியும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறேக் ஒயில் மாற்றிக் காற்றெடுப்பதை மட்டும் ஸ்கானர் இருக்கிற கராஜுக்கு விட்டுவிடுங்கள், அதற்குப் பழைய முறை சரிவராது.

இன்னொன்று. ஹைபிரிட் வேகத்தைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கை மோட்டார் எடுத்துக்கொள்வதால் பாட் நெடுநாள் நிற்கும். அதனால் ஒருவரும் சில்லைக் கழற்றிப் பார்ப்பதில்லை, பாட் தடிப்பாக இருக்க டிஸ்க் கறளில் போய்விடுகிறது. வருசத்துக்கு ஒருமுறையாவது பின்களைக் கழற்றிக் கிறீஸ் போடுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கிற மாமா வந்தால் ஓடுவதற்கென்று ஒரு கார் எங்கள் வீட்டில் நிற்கிறது. மாதக்கணக்காக எடுக்கவில்லை. டிஸ்க் எல்லாம் செம்மஞ்சளாக இருக்கிறது. மாமா வர முதல் மாற்ற வேண்டுமா?
(காரைநகர் வாசகர்)

பதில்: மேல்பூச்சாகப் படிந்த கறள் என்றால் ஓடிச் சில தடவை பிறேக் பிடிக்கவே தேய்ந்து போய்விடும். அப்படிப் போன பிறகும் டிஸ்க்கின் நடுவில் ஒரு ஒடுங்கின பட்டை மட்டும் மினுங்கி, மேலும் கீழும் சொரசொரவென்று செதில் நின்றால் மாற்ற வேண்டும். உள்பக்க முகத்தையும் பாருங்கள், சில்லுக்கு வெளியே நின்று பார்த்தால் அது தெரியாது, கறள் அங்கேதான் கூட.

நிற்கிற காருக்கு ஹாண்ட் பிறேக் போட்டு வைக்காதீர்கள், பின் சில்லுகளில் பிறேக் ஒட்டிப் பிடித்துவிடும். கியரை 'பி'யில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை பொன்னாலைப் பாலம்வரை ஓடிவந்தாலே அரைப் பிரச்சினை தீரும், ஆனால் பாலத்தில் காற்று அடிக்கிற நாளில் ஓடினால் வந்ததும் சில்லுகளுக்குத் தண்ணீர் அடியுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் அடித்தால் பிரயோசனம் இல்லை, நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணீர் அரிதாக இருக்கும்போது காரைக் கழுவச் சொல்கிறானே என்று திட்டாதீர்கள், மழைத்தண்ணீர் பிடித்து வைத்தாலும் போதும்.

கேள்வி: பிறேக் ஒயில் டொட் 3, டொட் 4 கலக்கலாமா? பாதி போத்தல் போன வருசத்திலிருந்து இருக்கிறது.
(அரியாலை வாசகர்)

பதில்: கலக்கலாம், ஆனால் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுவது நல்லது. டொட் 5 சிலிக்கன் வகை, அதை மட்டும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். பாதிப் போத்தலை வீசுங்கள். பிறேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3இன் கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஈரம் குடித்தபின் 140 வரை இறங்கலாம். டொட் 4க்கு 230, பின் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் பஞ்சாகப் போகும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: பாட் தூளை எயார் அடித்துச் சுத்தம் செய்யலாமா? பழைய டிஸ்க்கை என்ன செய்வது?
(உரும்பிராய் வாசகர்)

பதில்: எயார் அடிக்க வேண்டாம். பழைய பாட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் சுவாசப்பைக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டிஸ்க் வார்ப்பிரும்பு, பழைய இரும்புக்காரர் நிறைக்கு எடுப்பார். பேரம் பேசித்தான் கொடுக்க வேண்டும்.